மூன்றாம் ஓலை

உதகையிலிருந்து ஐயர்
மாதம் ஒருமுறைதான் நடுவட்டத்துக்குக் குதிரையில் வருவார்.
அதனால் என் கல்யாணத்தின் மூன்று ஓலைகளுக்கும்
மூன்று மாதம் ஆனது.

முதல் ஓலைக்கு ஐப்பசி மழை.
கொயினாப் பட்டை காயப்போடும் கொட்டகைதான் எங்களுக்குக் கோவில்.
தகரத்தில் மழை அறைந்தது.
ஐயரின் வாய் அசைந்ததைத்தான் பார்த்தோம்.
எப்சிபா என்றாரா, கெத்சியாள் என்றாரா,
யாருக்கும் கேட்கவில்லை.
பக்கத்தில் என் தங்கை கண்ணை மூடியிருந்தாள்,
கேட்காத பெயரைத்
தன் பெயராக எடுத்துக்கொண்டவள் போல.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தாது வருஷப் பஞ்சத்தில்
நாசரேத்துப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள் நாங்கள்.
அம்மா பாதி வழியோடு நின்றுவிட்டாள்.
அப்பா பட்டை உரித்தார், நாங்கள் காயவைத்தோம்.
எதைத் தின்றாலும் விரல் கசக்கும்.
சுவிசேஷமுத்து பட்டை நிறுப்பவன்,
தராசுத் தட்டில் விரல் வைக்காத ஒரே கணக்கன்.
அதற்காகத்தான் எனக்கு அவனைப் பிடித்தது.
கெத்சிக்கு எதற்காக என்று நான் கேட்டதில்லை.
ஒருநாள் அவளாகச் சொன்னாள்:
"அவர் கோட்டில் மூணாவது பித்தான் மட்டும் வேற நிறம்."
மறுநாள் பார்த்தேன்.
வேறு நிறம்தான்.

"பெண் கேட்டான்" என்றார் அப்பா.
எந்தப் பெண்ணை என்று சொல்லவில்லை.
மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது
நம்மிடத்தில் வழக்கமில்லை என்றார்,
வேதத்தில் இதை முன்பே ஒருவன் சொல்லியிருப்பது நினைவில்லாமல்.
எனக்கு நினைவிருந்தது.
லேயாளுக்காவது கூச்சப் பார்வை.
எனக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.

இரண்டாம் ஓலையன்று கெத்சி வரவில்லை.
காய்ச்சல் என்றாள்.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் ஓலைக்கு மார்கழி உறைபனி,
புல்லெல்லாம் உப்புப் பூத்தது போல.
அவளுக்கு நல்ல சேலை இல்லையென்று
என் கருநீலச் சேலையைக் கொடுத்தேன்.
பாயில் என்னோடு ஒட்டி மண்டியிட்டிருந்தாள்.
தடை அறிந்தவர் யாராகிலும் இருந்தால்
இப்பொழுதே எழுந்து சொல்லக்கடவர் என்று
ஐயர் நிறுத்தினார்.
அவள் மூச்சும் நின்றது.
ஒரு பாதம் தரையில் ஊன்றியது.

ஜெபத்துக்கு இன்னும் குனிகிறவளைப் போல
அவள் சேலை விளிம்பின்மேல்
என் முழங்காலை நகர்த்தி வைத்தேன்.
என் பாரம் முழுவதையும்.

தட்டில் விரல் வைத்தது நான்.

ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்,
தொலைந்துபோன ஒரு குடையைப் பற்றி.

ஆறு வருஷம் கழித்து
கூடலூர்க் காட்டிலிருந்து காய்ச்சலோடு வந்து விழுந்தான்.
மலை முழுக்க மருந்து மரம்,
வீட்டில் ஒரு சிட்டிகை இல்லை.
கேத்தி மிஷன் பள்ளியிலிருந்து கெத்சி வந்தாள்,
மடியில் ஒரு பொட்டலம்.
என் கல்யாணத்துக்குப் பிறகு
என் வாசலை அவள் மிதித்தது அன்றுதான்.

மூன்றாம் ராத்திரி பிதற்ற ஆரம்பித்தான்.
கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.
ஒரு பெயர் வரப்போகிறது என்று
இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.
அணையப்போன திரியைக்கூடத் தூண்டவில்லை.

"சொக்கி" என்றான்.
"நில்லு சொக்கி, பாலம் வழுக்கும்."

சொக்கி, பட்டை மூட்டை சுமக்கும் கோவேறு கழுதை.

முதலில் சிரித்தவள் கெத்சிதான்.
வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது.
எனக்கு விலா வலித்தது.
காய்ச்சல்காரன் அருகில் இப்படியா என்று
ஒருவரை ஒருவர் அதட்டி, மறுபடியும் சிரித்தோம்.
சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கிற்றோ.

"அந்த மூணாம் ஓலையில்" என்றேன்,
"உன் சேலைமேல்..."

"தெரியும்" என்றாள்.
பொடியைத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தாள்.
"இழுத்தால் கிழிஞ்சிருக்கும்.
உன் சேலை."

விடியுமுன் அவனுக்கு வேர்த்தது.
கண் திறந்தான்.
தண்ணீர் வேண்டும் என்றான்.
யாரிடம் என்று சொல்லவில்லை.

இரண்டு பேரும் எழுந்தோம்.